ஆக்சலாட்டல் தொட்டியில் கொள்ளிடத்து மணல் போடலாமா?

குடந்தைத் தொட்டி (கும்பகோணம்)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு ஆக்சலாட்டல் குட்டி வாங்கியிருக்கிறேன் (மெக்சிகோ சாலமாண்டர்; நாலு காலும் வாலும் வெளிச் செவுளும் உள்ள, தண்ணீரிலேயே வாழும் உயிர்). வெளிர் ரோஜா நிறம், கறுப்புக் கண். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 8 செ.மீ. மூன்றடித் தொட்டி, ஸ்பாஞ்ச் ஃபில்டர், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் எல்லாம் ஓடுகிறது. தண்ணீர் 17 டிகிரியில் நிற்கிறது. அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். அடியில் இப்போது வெறும் கண்ணாடிதான். குட்டி நடக்கும்போது கால் வழுக்கிக்கொண்டே போகிறது, பார்க்கவே பாவமாக இருக்கிறது. சித்தப்பா வீடு கட்ட இறக்கிய கொள்ளிடத்து மணல் வாசலில் குவிந்து கிடக்கிறது. அதில் ஒரு வாளி அள்ளிக் கழுவிப் போட்டால் என்ன? தேடிப் பார்த்தால் பாதிப் பேர் போடு என்கிறார்கள், மீதிப் பேர் போட்டால் செத்துவிடும் என்கிறார்கள். நம் ஊர் மணலும் நம் ஊர்த் தண்ணீரும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாயிருக்கும்.

வெறுங்கண்ணாடி (தஞ்சாவூர்)

போடாதே தம்பி. 8 செ.மீ. குட்டிக்கு எந்த மணலும் வேண்டாம், கொள்ளிடமாக இருந்தாலும் சரி, கடையில் பாக்கெட்டில் விற்பதாக இருந்தாலும் சரி.

அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார். மெல்லுவதும் இல்லை, கடித்து இழுப்பதும் இல்லை. வாயைச் சடாரென்று திறக்கும், எதிரே இருக்கிற தண்ணீர் முழுவதும் உள்ளே பாயும், அந்தத் தண்ணீரோடு புழு போகும். புழு தரையில் கிடந்தால் தரையில் உள்ளதும் சேர்ந்து போகும். அதற்குப் பார்வையும் மட்டம்தான். வாசனையையும் தண்ணீரின் அசைவையும் வைத்துத்தான் பாய்கிறது, அதனால் குறி தவறிச் சும்மா தரையைக் கவ்வுவதும் சகஜம். பெரிய விலங்கின் குடலில் நாலு மணல் நுழைந்தால் மலத்தோடு வெளியே வந்துவிடும். இந்த அளவுக் குட்டியின் குடல் நூல் கனம். அடைத்துக்கொண்டால் சாப்பிடாது, வயிறு உப்பும், ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கும். அதற்குப் பிறகு நாம் செய்ய அதிகம் ஒன்றும் இல்லை.

12, 15 செ.மீ. தாண்டும் வரை வெறும் கண்ணாடி. தாண்டிய பிறகும் வெறும் கண்ணாடிதான் என்பது என் கட்சி, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

மன்னை மணற்காரன் (மன்னார்குடி)

அப்புறம் எதற்கு அக்கா, இப்போதே பேசுவோம்.

குட்டிக்கு வேண்டாம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் “எந்த மணலும் வேண்டாம், எப்போதும் வேண்டாம்” என்று சொல்லிச் சொல்லியே ஒரு பயத்தை வளர்த்துவிட்டார்கள். குடலை அடைப்பது எது? சரளை. மீன் கடையில் நீலம் பச்சையாகப் பூசி விற்கிற, பட்டாணி அளவுக் கூழாங்கல். அது வாய்க்குள் போகிற அளவு, வெளியே வர முடியாத அளவு. 1 மி.மீ.க்குக் குறைந்த நைசான மணலின் கதை வேறு.

என் தொட்டியில் இருப்பது வளர்ந்த ஜோடி, அடியில் மணல். ஃபோர்செப்ஸில் (இடுக்கியில்) மண்புழுவை நீட்டுவேன். சில சமயம் புழு நழுவி விழும். அது தலையை வெட்டிப் பாயும்போது மணல் ஒரு கைப்பிடி எழும்பும், புழு உள்ளே போகும், பிறகு வாயை இரண்டு மூன்று தடவை திறந்து மூடும். செவுள் இடுக்கு வழியாகவும் வாய் ஓரத்திலும் மணல் உதிரும். உள்ளே போன மிச்சம் மலத்தில் வந்துவிடுகிறது. மலத்தை உறிஞ்சி எடுத்து வெள்ளைத் தட்டில் கரைத்துப் பார்த்திருக்கிறேன், அடியில் சன்னமாக மணல் தங்கும். வந்துவிட்டதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வழுக்குவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்த உயிர் நீந்துவதைவிட நடப்பது அதிகம். கண்ணாடியில் விரல் பதியாது. கீழே தன் நிழலே தெரிகிறது, அதற்குக் கண் இமையும் கிடையாது. மேலே விளக்கு, கீழே பளபளப்பு என்றால் எங்கே போய் ஒளியும்?

வெறுங்கண்ணாடி (தஞ்சாவூர்)

மலத்தில் வந்தது வந்ததற்குச் சாட்சி. வராமல் தங்கியதற்கு உங்கள் தட்டு சாட்சி சொல்லாது.

சீர்காழிக் கொத்து (சீர்காழி)

மன்னை அண்ணே, 1 மி.மீ. என்கிறீர்கள். கொள்ளிடத்து மணலைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறீர்களா? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கொத்து வேலைதான், அதனால் மணலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விலங்கைப் பற்றி நீங்கள் சண்டை போடுங்கள்.

ஆற்று மணல் என்று ஒரே பெயர் சொல்கிறோமே தவிர, ஒரே குவியலில் நாலு விதம் இருக்கும். கான்கிரீட்டுக்கு எடுப்பது பருமணல். பூச்சுக்குச் சலித்து எடுப்பது பொடிமணல். ஒரு பிடியை வெள்ளைத் துணியில் பரப்பி வெயிலில் பார்த்தால் தெரியும்: கண்ணாடிபோல் தெரிகிற வெண்மணி, தேன் நிறத்தில் கொஞ்சம், கறுப்பாகக் கொஞ்சம், மினுக்கென்று தட்டையாக அபிரகம், நடுநடுவே உடைந்த நத்தை ஓடு, மட்டிச் சிப்பி. இதில் சிப்பித் துண்டுதான் முனை கூர்மை. வெண்மணி ஆற்றில் உருண்டு வந்தது, அவ்வளவு வெட்டாது.

இப்போது அளவு. நாங்கள் பூச்சு மணல் சலிக்கும் சல்லடையின் கண் 1 மி.மீ.யைவிடப் பெரியது. ஆகவே “கொத்தனார் சலித்த மணல்” என்று சொல்லி எடுத்துப் போட்டால் 2 மி.மீ. மணியும் சேர்ந்தே வரும். மன்னை அண்ணன் சொல்கிற நைசு வேண்டுமென்றால் வீட்டில் கோதுமை மாவு சலிக்கிறோமே, அந்தச் சல்லடை. வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சலிக்க வேண்டும். ஈர மணல் இறங்காது. ஒரு வாளியில் எவ்வளவு தேறும் என்பது எந்த இடத்தில் அள்ளிய மணல் என்பதைப் பொறுத்தது. சில குவியலில் கால்வாசிகூடத் தேறாது.

கழுவுவதும் லேசான வேலை இல்லை. குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டு, கையை அடிவரை விட்டுக் கிளறி, மேல் தண்ணீரைச் சாய்க்க வேண்டும். முதலில் சேறு வரும், பிறகு அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுப்பாக வரும். அந்த வெளுப்புப் போகும் வரை விடக்கூடாது. பாதியில் விட்டால் தொட்டி கலங்கிவிடும், அந்தத் தூள் ஃபில்டரில் போய் அடையும்.

இன்னொன்று, யாரும் சொல்வதில்லை. காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் காய்ந்த மணலுக்குள் ஓட்டிப் பாருங்கள். கறுப்புத் தூள் மொய்த்துக்கொண்டு வரும். விலங்குக்கு அதனால் ஒன்றுமில்லை. ஆனால் தொட்டிக் கண்ணாடியைக் காந்த பிரஷ் வைத்துத் தேய்க்கிறவராக இருந்தால், அந்தத் துகள் பிரஷில் ஏறிக் கண்ணாடி முழுவதும் கீறிவிடும்.

குடந்தைத் தொட்டி (கும்பகோணம்)

மிக்க நன்றி அண்ணே. எம்-சாண்ட் எப்படி? தரங்கம்பாடி கடற்கரை மணல் நைசாகத்தானே இருக்கிறது, அது?

சீர்காழிக் கொத்து (சீர்காழி)

எம்-சாண்ட் கருங்கல்லை உடைத்து எடுப்பது. மணி மணியாக மூலை இருக்கும், கல்தூள் நிறைய. கட்டடத்துக்கு நல்லது, வயிற்றுக்குள் போகிற இடத்துக்கு வேண்டாம். கடல் மணலில் உப்பும் சிப்பித் தூளும். கழுவலாம், ஆனால் எவ்வளவு கழுவினால் போதும் என்று நாக்கில் வைத்தா பார்ப்பாய்?

ஆற்றில் நேராகப் போய் அள்ளும் யோசனையும் வேண்டாம். அனுமதி இல்லாமல் ஆற்று மணல் எடுப்பது குற்றம், ஒரு வாளிதானே என்று சட்டம் பார்க்காது. ஊர்ச் சாக்கடை வந்து விழுகிற படித்துறைப் பக்கத்து மணல் என்றால் அதைவிட மோசம். சித்தப்பா காசு கொடுத்து இறக்கிய குவியல் இருக்கிறது, கேட்டுவிட்டு எடு.

நாகை உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

படித்துக்கொண்டே வந்தேன். எல்லோரும் அடித்தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் ஊரில் இந்த உயிரை வளர்க்கலாமா என்பதை யாரும் கேட்கவில்லை.

மெக்சிகோ சிட்டி கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். அங்கே சொச்சிமில்கோ ஏரிக் கால்வாயில் இருந்த உயிர் இது. அதற்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 20 தாண்டினால் திணறும். 24-ஐத் தொட்டு அங்கேயே நின்றால் நோய் வரும், பூஞ்சை ஏறும். மே மாதத்தில் எங்கள் வீட்டு அண்டாத் தண்ணீர் ராத்திரியில்கூட 30-க்குக் கீழே இறங்குவதில்லை. ஃபேன் வைத்தால் குறையும் என்பார்கள். காற்று காய்ந்திருந்தால் தண்ணீர் ஆவியாகிக் குளிரும். கடலோரத்தில் ஈரக்காற்றுக்கு அது எடுபடாது. ஆகச் சில்லர் ஒன்றே கதி. சில்லருக்கு உயிர் கரண்ட். கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மனிதர்களே ஜெனரேட்டரில் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற வரிசையில் நின்றார்கள்.

சூட்டோடு அமோனியாவையும் சேர்த்துப் பாருங்கள். பி.எச். 8 உள்ள தண்ணீரில் 16 டிகிரியில் இருக்கும் விஷ அமோனியாவின் பங்கு, 30 டிகிரியில் இரண்டரை மடங்கு ஆகிவிடும். மொத்த அமோனியா அதேதான், சூடு மட்டும் ஏறியது. மணலில் புதைந்த கழிவு அந்தச் சமயத்தில் என்ன செய்யும் என்று நீங்களே யோசியுங்கள்.

மன்னை மணற்காரன் (மன்னார்குடி)

நாகை சார், கஜாவில் எங்கள் தென்னந்தோப்பே போனது. அதற்காகத் தென்னை வைக்காதே என்று யாரும் சொல்லவில்லை. தம்பி சில்லர் வைத்திருக்கிறான், 17 டிகிரி என்று எழுதியிருக்கிறான். கேட்டது மணலைப் பற்றி. பதில் தெரிந்தால் சொல்லுங்கள், வளர்க்கலாமா கூடாதா என்பதற்கு வேறு இழை தொடங்குங்கள்.

பூண்டி வயல்காரர் (திருத்துறைப்பூண்டி)

வணக்கம். நான் ஆக்சலாட்டல் வளர்த்ததில்லை, தொட்டியில் மீன் வளர்க்கிறேன். வயல் இருக்கிறது. நாகைக்காரர் சொன்னதில் ஒரு விஷயம் மட்டும் மணலோடு சேர்ந்தது, அதை விட்டுவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

நடவு வயலில் தண்ணீர் வடியாமல் நாள்பட நின்றால், காலை வைத்து அழுத்தும்போது குமிழ் வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்திருக்கும். காற்றுப் புகாத இடத்தில் மக்கினால் வருகிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அது. அதனால்தான் இடையில் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுகிறோம். தொட்டியில் வடித்துக் காயவிட முடியுமா?

நைசான மணல் என்றால் இறுகிப் படியும். பருமணலில் தண்ணீர் ஊடாடும், பொடிமணலில் ஊடாடாது. அடைப்பு வரக்கூடாது என்று நைசாகப் போடச் சொல்கிறீர்கள், நைசாகப் போட்டால் அடியில் காற்று இல்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. என் மீன் தொட்டியில் ஒரு விரற்கணு உயரத்துக்கு மேல் மணல் கிடையாது. தண்ணீர் மாற்றும் போதெல்லாம் ஒரு குச்சியால் கிளறிவிடுகிறேன். கறுப்புத் திட்டு கண்ணாடி வழியே தெரிந்தால் அந்த இடத்தை உறிஞ்சி எடுத்துவிடுவேன்.

மீன் தொட்டியில் மணலைக் கிளற நத்தை விடுவார்கள். உங்கள் விலங்கு நத்தையை விழுங்குமா?

வெறுங்கண்ணாடி (தஞ்சாவூர்)

விழுங்கும் ஐயா, ஓட்டோடு. அதனால் நத்தை கிடையாது.

நீங்கள் சொன்னதைத்தான் நான் வேறு விதமாகச் சொல்ல வந்தேன். வெறும் கண்ணாடியில் மலம் விழுந்த நிமிடமே தெரியும். பெரிய சிரிஞ்சில் ஒரு இழுப்பு, முடிந்தது. மணலில் விழுந்தால் பாதி கண்ணுக்குத் தெரியும், மீதி கலந்துவிடும். துப்பிய புழுத் துண்டு புதைந்தால் நாறிய பிறகுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உலகத்தில் அதிகமான ஆக்சலாட்டல்கள் இருப்பது வீடுகளிலும் ஆய்வகங்களிலும்தான். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்காகவே ஒரு பெரிய கூட்டத்தை வளர்த்து மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். ஆய்வகங்களில் வழக்கம் வெறும் பாத்திரம், வெறும் தொட்டி. மணல் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. வழுக்கி விழுந்து எதுவும் செத்ததாகத் தெரியவில்லை.

மன்னை மணற்காரன் (மன்னார்குடி)

ஆய்வகத்தை இழுத்ததே நல்லதாகப் போயிற்று. அங்கே வெறும் பாத்திரம் வைப்பது யார் வசதிக்கு? நூற்றுக்கணக்கில் இருப்பதைத் தினமும் சுத்தம் செய்கிறவர் வசதிக்கு. காலை வெட்டினால் எப்படி முளைக்கிறது என்று பார்க்கிற இடம் அது. அங்கே உயிரோடு இருப்பதும் முட்டையிடுவதும் போதும். வீட்டில் வைத்திருக்கிறவன் அதற்கு மேல் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? 1864-இல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குப் போன ஒரு சிறு கூட்டத்தை டுமேரில் என்ற விஞ்ஞானி வளர்த்துப் பெருக்கினார், அங்கிருந்துதான் ஐரோப்பா முழுக்கப் பரவின. 150 வருஷத்துக்கு மேலாகப் பாத்திரத்தில் வாழ்கிறது என்பதால் அதற்குப் பாத்திரம்தான் பிடிக்கும் என்று ஆகிவிடாது. சொச்சிமில்கோவில் அடித்தளம் சேறு.

நாகை உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

சொச்சிமில்கோ சேற்றில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள். 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கெடுத்த இடத்தில் 2014-இல் 36.

மன்னை மணற்காரன் (மன்னார்குடி)

சேற்றாலா குறைந்தது? சாக்கடையாலும், கெண்டையும் ஜிலேபியும் கொண்டுவந்து விட்டதாலும் குறைந்தது. மீன் வளர்ப்புக்கென்று அரசாங்கமே விட்ட திலேப்பியா (நம் ஜிலேபிதான்) முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்த்தது. ஜிலேபி எங்கள் ஊர்க் குளத்தில் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தூண்டில் போட்டால் முன்பு எது எதுவோ ஏறும், இப்போது ஜிலேபிதான் ஏறுகிறது. பெரிய ஹரித்ராநதிக் கரையில் கூடைக்காரர்களைக் கேளுங்கள்.

மட்டுறுத்துநர்

இழை மணலை விட்டு மெக்சிகோவுக்கும் மீன் குழம்புக்கும் போகிறது. திரும்பி வாருங்கள். அதோடு எல்லோருக்கும் ஒரு நினைவூட்டல்: ஆக்சலாட்டல் சைட்டீஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். குடந்தைத் தொட்டி, விற்றவரிடம் பதிவுத் தாள் கேட்டு வாங்கியிருக்கிறீர்களா?

குடந்தைத் தொட்டி (கும்பகோணம்)

வாங்கியிருக்கிறேன் சார், என் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தும் விட்டேன்.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். குட்டிக்கு இப்போதைக்கு மணல் வேண்டாம் என்பதில் தஞ்சாவூர் அக்காவும் மன்னை அண்ணனும் ஒன்று என்பதால் அது முடிந்தது. ஆனால் வழுக்குவது வழுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அம்மா ஒரு யோசனை சொன்னார்கள். சமையலறை அலமாரிக்கு வாங்கிய கடப்பாக் கல் ஒன்று மிச்சமாகக் கொல்லையில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்துத் தொட்டிக்குள் இறக்கினால்? விழுங்கவும் முடியாது, கால் பிடிக்கவும் இடம் இருக்கும்.

வெறுங்கண்ணாடி (தஞ்சாவூர்)

அம்மாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடு தம்பி.

கல் நல்ல யோசனை. ஆனால் கடப்பா சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனால் சன்னமாகப் பொரிகிற சத்தம் கேட்கும். தண்ணீரின் கடினத்தன்மையைக் கொஞ்சம் ஏற்றும். ஆக்சலாட்டலுக்கு மென்னீரைவிடக் கடினநீர்தான் ஒத்துக்கொள்ளும், அதனால் பயப்பட ஒன்றுமில்லை. பி.எச். 8-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். உன் போர் தண்ணீர் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்.

என் பயம் வேறு. கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இடுக்கு விழும். மலம் கரைந்து அங்கே போய்த் தங்கினால், பூண்டி ஐயா சொன்ன வயல் நாற்றம் கல்லுக்கு அடியில் உருவாகும். மேலே பார்த்தால் எல்லாம் சுத்தமாக இருக்கும்.

மன்னை மணற்காரன் (மன்னார்குடி)

பாருங்கள், கடைசியில் அக்காவின் வெறும் கண்ணாடியும் கல்லாக மாறிவிட்டது. வழுக்குகிறது என்று நான் சொன்னபோது ஆய்வகத்தைக் காட்டினீர்கள்.

கல் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. 15 செ.மீ. தாண்டிய பிறகு கல்லை எடுத்துவிட்டு, கொத்து அண்ணன் சொன்னபடி மாவுச் சல்லடையில் சலித்த மணலை ஒரு விரற்கணு போடு. தீனியை மட்டும் மணலில் போடாதே. ஒரு தட்டையான கண்ணாடித் தட்டை மணல் மேல் வைத்து அதில் போடு. என் ஜோடி தட்டு இருக்கும் மூலைக்குத் தானாகவே வந்து நிற்கும். ஃபோர்செப்ஸ் நிழல் தெரிந்தாலே வரும். புழு விஷயத்திலும் ஒன்று: பூச்சிமருந்து அடித்த வயல் வரப்பில் தோண்டி எடுக்காதே. மண்புழு உரத் தொட்டியில் கிடைக்கிற சிவப்புப் புழுவைச் சிலது துப்பிவிடும், கசக்கும்போல. தொழு உரக் குழிக்குத் தள்ளி, மருந்து படாத கொல்லை மண்ணில் கிடைக்கும் கொழுத்த புழு நல்லது. குட்டிக்கு நறுக்கிப் போடு.

வெறுங்கண்ணாடி (தஞ்சாவூர்)

கல் விழுங்க முடியாதது, மணல் விழுங்கக்கூடியது. நான் சொன்னது அன்றும் இன்றும் அதுதான், மாறவில்லை. தட்டு வைத்துத் தீனி போட வேண்டும், கிளற வேண்டும், கறுப்புத் திட்டைத் தேட வேண்டும், அத்தனை வேலையும் செய்தால் மணல் பரவாயில்லை என்கிறீர்கள். அதில் பாதிப் பேர் இரண்டாம் மாதமே கிளறுவதை நிறுத்திவிடுவார்கள். நீங்கள் ஒழுங்காகச் செய்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். உங்களை வைத்து ஊருக்கு யோசனை சொல்ல முடியாது.

தம்பி, ஒருவேளை மணல் போட்டு, அது இரண்டு மூன்று வேளை தீனி எடுக்காமல், மலமும் போகாமல், வயிறு உப்பி மிதந்தால் ஃபிரிட்ஜில் வை என்று யாராவது சொல்வார்கள். குளிரவைத்தால் கக்கிவிடும், கழித்துவிடும் என்று ஒரு பழக்கம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. குளிரில் ஜீரணமே மந்தமாகும், சரளை அடைத்திருந்தால் ஃபிரிட்ஜ் என்ன செய்யும்? எக்ஸ்ரே எடுத்தால் கல் வெள்ளையாகத் தெரிந்துவிடும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரம் வருவதற்கு முன்பே இந்த மாதிரி உயிரைப் பார்ப்பார்களா என்று விசாரித்து வைத்துக்கொள்.

பூண்டி வயல்காரர் (திருத்துறைப்பூண்டி)

கல்லுக்கு அடியில் இடுக்கு விழாமல் இருக்க ஓரத்தை மீன்தொட்டி சிலிக்கான் வைத்து அடைக்கலாமே. பாத்ரூமுக்கு விற்பதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கும், அது வேண்டாம்.

நாகை உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

சரி, கல்லே போடட்டும். சில்லருக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்திருக்கிறாயா? அதைக் கடைசி வரை நீ சொல்லவே இல்லை.

குடந்தைத் தொட்டி (கும்பகோணம்)

ஃபில்டர் மோட்டாருக்கு இருக்கிறது சார். சில்லருக்கு இல்லை, எலக்ட்ரீஷியன் இந்த இன்வெர்ட்டர் இழுக்காது என்கிறார். கரண்ட் போனால் போட ஐஸ் பாட்டில் ஃப்ரீசரில் தயாராக வைத்திருக்கிறேன்.

நாகை உப்புக்காற்று (நாகப்பட்டினம்)

ஒரே நேரத்தில் எல்லா பாட்டிலையும் போட்டுவிடாதே. தடாலென்று இறங்குவதும் அதற்கு ஆகாது. ஒன்று போட்டு, தெர்மாமீட்டரைப் பார்த்து, அப்புறம் அடுத்தது. பெரிய இன்வெர்ட்டருக்கு விலை விசாரி. மணல் சலிக்கிற நேரத்தை அதற்குச் செலவழி.

சீர்காழிக் கொத்து (சீர்காழி)

கல் வெட்டுவதைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன், அதில்தான் தப்பு நடக்கும். தொட்டியின் வெளி அளவைக் கொடுக்காதே. உள்ளே அளந்து, அட்டையில் வெட்டி, அந்த அட்டையைத் தொட்டிக்குள் இறக்கிப் பார்த்துவிட்டு, அதைக் கல் அறுக்கிற கடையில் கொடு. நாலு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டச் சொல். ஓரத்தை மழுக்கி எடுக்கச் சொல், இல்லாவிட்டால் குட்டியின் செவுள் கிழியும். மூன்றடிக்கும் ஒரே கல்லாகப் போட்டால் இறக்கும்போது கை நழுவி அடிக்கண்ணாடி போய்விடும், இரண்டு துண்டாக வாங்கு. தொட்டியில் தண்ணீர் அரை அளவு இருக்கும்போது, ஒரு ஓரத்தை முதலில் வைத்து மெதுவாகச் சாய்த்து இறக்கு. குட்டியை அதற்கு முன்னால் வாளிக்கு மாற்றிவிடு.

சிலிக்கான் ஒட்டுவதாக இருந்தால் தொட்டி காலியாகக் காய்ந்திருக்க வேண்டும், தண்ணீருக்குள் ஒட்டாது. ஒட்டாமல் சும்மா வைத்தால் தண்ணீர் மாற்றும்போது ஒரு துண்டைத் தூக்கி அடியில் உறிஞ்சிவிடலாம். நான் என்றால் ஒட்டமாட்டேன்.